மரம் தொடாத பேரல்

அன்பான என் அண்ணா,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நினைவு நாள் ஜெபக்கூட்டம் நல்லபடியாக முடிந்தது. சிட்லபாக்கம் ஏரியில் இந்த முறை தண்ணீர் நிற்கிறது. நான் அதே கல்லூரி வேலைக்கு, அதே ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் போய்வருகிறேன். களைப்பாக இருக்கிறது அண்ணா. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு.

உன் ரைபிள் என் லைசென்ஸுக்கு மாறிவிட்டது. அதற்குள் எத்தனை நடை, எத்தனை கையெழுத்து. துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்திருந்த மாதங்களில் அதன் பேரல் குழலைத் தாங்கும் மரக்கட்டையில் பூஞ்சை பிடித்திருந்தது. கட்டையை மட்டும் கழற்றித் துடைத்து, மொட்டைமாடியில் காயவைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அது புதுசுபோல மின்னியது. வாசல் கதவுக்கு வார்னிஷ் அடிக்க வந்த ஆசாரியிடம் அண்ணி கொடுத்திருக்கிறார். அண்ணி ஆசைப்பட்டுச் செய்தது. நானும் அழகாக இருக்கிறதே என்று அப்படியே ரைபிளில் பொருத்திவிட்டேன்.

அதன்பின் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு நாளும் சரியாகச் சுடவில்லை. முதல் சில குண்டுகள் ஒன்றாக விழும். பேரல் சூடேறியதும் மற்றவை மேலே ஏறி இடப்பக்கம் நழுவும். மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். பக்கத்தில் படுத்துச் சுடும் பாஸ்கர் அண்ணன் என் குறி அட்டையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "மேடம், கை இங்க கீது, மனசு எங்கியோ கீது. கொஞ்ச நாள் வுடுங்க."

நம்பிவிட்டேன். துக்கம் என்று சொன்னால் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது, இல்லையா? விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். லைசென்ஸ் உள்ள ஒருவர் பல்லாவரத்திலிருந்து சனிக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. அண்ணியிடம் சொன்னபோது, "உன் இஷ்டம்" என்றார். அன்று குழம்பில் உப்பே இல்லை.

வருபவருக்குக் காட்டுவதற்காக வெள்ளிக்கிழமை அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கை தானாகவே, நீ செய்வதுபோல, பேரலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதக் கீற்றை விட்டு இழுத்தது. பேரல் பின்பக்கத் திருகுகளின் பிடியில் மட்டும் நிற்க வேண்டும், மற்ற நீளம் முழுக்க எந்த மரத்தையும் தொடாமல் காற்றில் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு குண்டுக்கும் அது ஒரே மாதிரி அதிரும் என்பாய். அந்த இடைவெளிக்காகக் குழாயில் உப்புத்தாள் சுற்றி ஒரு லீவு முழுக்கத் தேய்த்தாயே. காகிதம் பாதி வழியில் சிக்கிக்கொண்டது.

கட்டையைக் கழற்றினேன். உள்ளே பள்ளம் முழுக்க வார்னிஷ், கண்ணாடி மாதிரி. ஆசாரி ஒரு பூச்சோடு விடவில்லை. நீ உண்டாக்கிய இடைவெளியை நிரப்பிவிட்டார்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கையும் கண்ணும் போய்விட்டன என்று நினைத்துத் திரிந்த அத்தனை மாதங்கள். சிரிப்புகூட வரவில்லை.

அண்ணி வந்து பார்த்தார். சொன்னேன்.

"அப்போ நான்தான் கெடுத்துட்டேனா எஸ்தர்?"

"கெடுக்கல அண்ணி. பளபளன்னு ஆக்கிட்டீங்க."

"உங்கண்ணன் இருந்தா என்ன சொல்லிருப்பாரு?"

"ஒண்ணும் சொல்லமாட்டான். சாப்பிடாம மாடிக்குப் போயிருப்பான்."

"ஆமா. அது பத்தாதா?" அண்ணி கட்டையைக் கையில் வாங்கி, வெளிப்பக்கத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "வெளிய தொடாத. உள்ள என்ன வேணா சுரண்டிக்கோ."

இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். காகிதம் நுனியிலிருந்து பின்பக்கத் திருகு வரை தடையில்லாமல் போனதும், அண்ணி நம்பாமல் தானே வாங்கி இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு என் போனை எடுத்து நீட்டினார். "அந்த பல்லாவரத்துக்காரர வராதீங்கன்னு சொல்லிடு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ரேஞ்சுக்குப் போனேன். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. பத்துக்குப் பெரும்பாலும் ஒன்பதுகள்தான். ஆனால் பேரல் சூடான பிறகும் குண்டுகள் நகரவில்லை. தப்பிய இரண்டும் நான் விசையை வெடுக்கென்று இழுத்ததால் தப்பின. அது எனக்கே தெரிந்தது. எது என் தவறு, எது இல்லை என்று தெரிவதே இந்த வயதில் பெரிய ஓய்வாக இருக்கிறது. களைப்பு போகவில்லை. அதோடு படுத்துச் சுட முடிகிறது.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன், அண்ணா. என் முழங்கை தாங்கும்வரை இதை நான் சுடுவேன். தாங்காத நாளில் சுடத் தெரிந்த ஒருவர் கையில் கொடுப்பேன், அவரிடம் முதலில் காகிதம் விட்டுப் பார்க்கச் சொல்லி. உன் நினைவுப் பொருளாக்கிச் சுவரில் மாட்ட மாட்டேன். அண்ணிக்கும் சம்மதம்.

உன் தங்கை,
எஸ்தர்