கெடாத படங்கள்

வெள்ளி, இரவு.

எங்கள் ஆஸ்பத்திரியில் சரியாக வராத எக்ஸ்ரேக்களை வாரம் ஒருமுறை எல்லோருமாகப் பார்த்து, எங்கே தவறினோம் என்று படிக்கத்தான் இந்த ஆடிட் கூட்டத்தை ஆரம்பித்தேன். போன வாரம் மேனேஜர் உள்ளே வந்து, "இது ஆரு எடுத்தது?" என்று கேட்டு எக்ஸ்ரே எடுக்கும் ஷீஜாவை எல்லோர் முன்பும் திட்டினார்.

இன்று கம்ப்யூட்டரில் ஒரு கெட்ட படம்கூட இல்லை.

"எல்லாம் நல்லா வந்துது சேச்சி," என்றாள் ஷீஜா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் ஒரு குழந்தையின் நெஞ்சை அவள் மூன்று முறை எடுத்ததைப் பார்த்தேன். இரண்டை அழித்துவிட்டாள்.

அந்தக் குழந்தையின் அம்மா, குளத்தூர்க்காரி, போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணுக்கு மூணு தடவை எடுத்துப் பாத்தாவளே, நல்ல கவனிப்பாக்கும்."

நானும் சிரித்தேன்.