தளர்த்திப் போட்ட பெல்ட்

அன்புள்ள மச்சானுக்கு,

குவைத்துக்கு நல்லபடியாக வந்துவிட்டேன். எஜமானி அம்மா கோபக்காரி இல்லை.

பிளேனில் இடுப்புக்குப் பெல்ட் போடச் சொன்னார்கள். நான் தளர்த்தித்தான் போட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த உடப்புசல்லாவைத் தோட்டத்து அக்கா, "என்னா புள்ள, முழுகாம இருக்கிறவ கொழுந்தெடுக்கப் போறப்ப இடுப்புல படங்குச் சாக்கத் தளத்திக் கட்டுற மாதிரி கட்டியிருக்க?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இறங்கும்போது என் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள்.

இங்கே இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருடம் சம்பாதித்துக் கூரையை மாற்றுவோம் என்றோமே, அது நடக்காது.

என் படங்கை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒழுகுகிற தகரத்தை மட்டும் மழைக்கு முன்னால் எப்படியாவது அடைத்துவிடுங்கள். தொட்டில் கட்டுகிற குறுக்கு மரம் அதற்கு நேர் கீழேதான் இருக்கிறது.

உங்கள் அன்பு மனைவி