இரண்டு அளவு பெரிய ஷூ

மகள் அறிய அப்பா எழுதுவது:

சாப்பாடு அடுப்பின்மேல் மூடி வைக்கப்பட்டுள்ளது.

"கூடைப்பந்தே வேணாம்ப்பா" என்று நேற்று நீ சொன்னபோது, இத்தனை திறமையை வீணாக்குகிறாயே என்று கடிந்துகொண்டேன். இன்று காலை உன் ஷூவைத் துடைக்கையில், விரல் படும் இடத்தில் இரத்தக் கறை கண்டேன். உனக்கு ஆட்டத்தில் ஆசை குறையவில்லை, ஷூவுக்குள் அடங்காமல் கால்தான் வளர்ந்திருக்கிறது! என் நெஞ்சிலிருந்து பெரும் பாரம் இறங்கியது.

"ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற தையல்காரரு, பெத்த பொண்ணு காலைப் பார்க்கலையாக்கும்" என்று அம்மா சிரித்தாள்.

புதிய ஷூ தையல் இயந்திரத்தின்மேல் உள்ளது. மாலை அணித்தேர்வுக்கு அதை அணிந்து செல்வாயாக.

பின்குறிப்பு: பழைய ஷூ அப்பா ஆசையாய் வாங்கித் தந்தது என்பதற்காக மறைத்தாயே, அதுபோல் இனி வலியை மறைக்காதே.

இன்னொன்று: சட்டைக்கு உள்மடிப்பு விடுவதுபோல், புதிய ஷூவையும் வளர இடம் விட்டு, பழையதைவிட இரண்டு அளவு பெரிதாகவே வாங்கியுள்ளேன்.