அறுபது சொட்டு

அன்புள்ள பெரியவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனசு எப்படி என்று நீ கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

தங்கச்சி போனை எடுப்பதில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டாயாம். எப்படி எடுப்பாள். வேலை போன அன்று முதலில் உன்னைத்தான் கூப்பிட்டாள், நீ "உன்னை யாருடி வாயைத் திறக்கச் சொன்னது" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். இவள் வேலை பார்த்த வார்டின் தலைமை நர்ஸ் உன்னோடு படித்தவள், அவள் சொன்னதை வைத்துப் பேசியிருப்பாய். உன் தங்கச்சி சொன்னதையும் கேள். அந்த வார்டில் படுத்திருந்த தையல்காரருக்கு இதயம் பலவீனம், சலைன் மணிக்கு அறுபது மில்லிக்கு மேல் ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். சிறு சொட்டு விழும் குழாயில் நிமிஷத்துக்கு அறுபது சொட்டு விட்டால் கணக்கு சரியாகிவிடும், இது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த பாட்டில் மாட்டும்போது அந்தக் குழாய் தீர்ந்துபோய், ஸ்டோரில் கேட்டால் பெரிய சொட்டுக் குழாய்தான் இருக்கிறது என்று கொடுத்திருக்கிறார்கள். அதில் இருபது சொட்டுதான் விட வேண்டும். வார்டு முழுக்க இவள் ஒருத்தி, ஒரு கட்டிலில் வாந்தி, இன்னொரு கட்டிலில் காய்ச்சல், கை பழக்கத்தில் பழையபடி அறுபது சொட்டு எண்ணி வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். மூன்று மடங்கு தண்ணீர் ஏறிவிட்டது. திரும்பி வந்து பார்த்தவளும் இவள்தான். மனுஷனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததாம். சொட்டை நிறுத்தி, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, டாக்டரை வரவழைத்து, நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். அதனால்தான் என்ன ஏதென்று தேடாமல் உடனே நீர் பிரிய ஊசி போட்டார்கள், தீவிர சிகிச்சையில் கிடந்து அந்த மனுஷன் பிழைத்தார்.

உன் கூட்டாளி, அந்தத் தலைமை நர்ஸ், என்ன சொன்னாள் தெரியுமா. "பக்கத்துல உக்காந்திருந்த அவர் சம்சாரம் சொட்டுக் குழாய்ச் சக்கரத்தைத் திருகிட்டாங்கன்னு சொல்லிடு, நோயாளி வீட்டுக்காரங்க கை வைக்கறது வழக்கம்தானே, யாரும் கேக்க மாட்டாங்க" என்றாளாம். இவள் மாட்டேன் என்றாள். அவ்வளவுதான், வேலை போயிற்று, லைசென்ஸ் மேலே விசாரணை வேறு. குழாய் ஏன் தீர்ந்தது என்று ஸ்டோர்காரரை ஒருவரும் கேட்கவில்லை, ஒரு வார்டுக்கு ஒரு பெண்ணை விட்டது யார் என்றும் கேட்கவில்லை. அந்த நாற்காலிகளெல்லாம் அசையாமல் இருக்கின்றன.

போன வாரம் அந்தத் தையல்காரர் சம்சாரம் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள், யார் விலாசம் கொடுத்தார்களோ. தெரு கேட்க, "எம் புருஷனைக் கொல்லப் பாத்தியே, உனக்குப் படிப்பு ஒரு கேடா, நீ உருப்படுவியா" என்று வாய்க்கு வந்தபடி பேசினாள். எதிர் வீட்டு ஜன்னலெல்லாம் திறந்துகொண்டது. உன் தங்கச்சி கதவருகே நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணைப் பார்த்து, உன் தலையில் விழ இருந்த பழியைத்தானடி இவள் தாங்கிக்கொண்டு நிற்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன், இவள் என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள். அவள் போன பிறகு ஏன் தடுத்தாய் என்று கத்தினேன். "தப்பு பண்ணது நான்தானேம்மா, அவங்க கோபப்படாம யாரு கோபப்படுவாங்க" என்றாள். அன்று சாப்பிடவும் இல்லை.

உன் படிப்பைப் பார்த்துத்தான் அவள் இந்த வேலைக்கு வந்தாள். வாசலில் வந்து திட்டியவள் மேல் எனக்கு இப்போது கோபமில்லை, அவளுக்கு விஷயம் தெரியாது. உனக்குத் தெரியும். உன் ஊரிலேயே அவளுக்கு வேலை பார்த்துத் தருகிறேன், பழசை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னாயாமே, அதை அவளிடம் எடுத்துக்கொண்டு வராதே.

குழந்தைக்குச் சளி என்றாய், கவனமாகப் பார். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டு மனசு இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே, தங்கச்சியைக் கூப்பிட்டால், "நீ உண்மையைச் சொன்னது சரிதான்" என்று முதலில் சொல். அது உன் வாயில் வராதென்றால் கூப்பிட வேண்டாம்.

ஆசீர்வாதங்களுடன்,
உங்கள் இருவருக்கும் அம்மா