கோடையில் விதை கேட்டுப் போனவனுக்கு

தெப்பக்குளத்துப் பக்கம் டைப் அடித்துக் கொடுக்கும் சாமிநாதன் இன்று மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அந்த எண்ணெய் வாசனையும் புது ரிப்பன் வாசனையும் சேர்ந்து வந்ததும் எனக்கு உன் முகம் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கோபம் மட்டும் இன்னும் புதுசாகவே இருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி மானியம் கேட்டு மனு அடிக்கத்தான் போயிருந்தேன். பச்சைமலைத் தானியங்களைப் பற்றிய ஆராய்ச்சி. ஆம், அதேதான்.

அன்றைக்கு இந்த மனுவை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் யோசித்தோம். ஒரே கல்லூரியில் தாவரவியல் வாத்தியார்கள். நீ ஸ்ரீரங்கத்து வீதியில் பிறந்தவன், நான் துறையூர்ப் பக்கத்துக் குடியானவன் மகன். மாலையில் அம்மா மண்டபத்துக்குக் கீழே காவேரி மணலில் உட்கார்ந்து, நான் எழுதி வந்ததை நீ வாசிப்பாய். லீவுக்கு லீவு மலை ஏறிச் சாமைக் கதிரும் தினைக் கதிருமாகப் பொறுக்கிக்கொண்டு வந்தவன் நான். பார்த்ததை எல்லாம் எழுதிவிட வேண்டும் எனக்கு. நீ பென்சிலால் அடித்துக்கொண்டே போவாய்.

"மலை அழகையெல்லாம் உன் மாமியாராத்துல போய்ச் சொல்லுடா. பணம் குடுக்கறவாளுக்கு ரெண்டே சந்தேகம். இது எதுக்கு வேணும், இவன் முடிப்பானா? அதுக்கு மட்டும் பதில் எழுது."

சிரித்துக்கொண்டே சொல்வாய். நானும் சிரித்துக்கொண்டே திருத்துவேன். எந்த மாதம் என்ன வேலை என்று திட்டம் போட்டபோது மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கார்த்திகையில் அறுவடை முடிந்து தானியம் வீடு வந்ததும் போக வேண்டும் என்றேன். கார்த்திகையில் கல்லூரி லீவு தராதே என்று நீ முகத்தைச் சுளித்தாய். ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சுத்தப் பிரதியை எடுத்துக்கொண்டு நான் சாமிநாதனிடம் போனபோது அவர் விழித்தார்.

"இதை உங்க சிநேகிதர் போன வாரமே அடிச்சு வாங்கிட்டுப் போயிட்டாரே சார்? உங்க பேரை அதுல பார்த்ததா ஞாபகம் இல்லையே."

கார்பன் பிரதி ஒன்று அவர் மேஜையில் கிடந்தது. நின்றபடியே படித்தேன். 'இத்தானியங்களை இதற்கு முன் எவரும் ஆராய்ந்ததில்லை' என்று ஒரு வரி. மலைக்குப் போகும் காலம் கோடை விடுமுறை என்று மாற்றியிருந்தாய். நான் இல்லாமலும் இல்லை. 'மலைப்பாதை தெரிந்த உள்ளூர் உதவியாள் ஒருவர் உடன் வருவார்' என்று இருந்தது. அந்த உதவியாள் நான்தான். என் பெயரை விட்டதைக்கூட ஒருவேளை மறந்திருப்பேன். சுமைதூக்கி ஆக்கினாயே, அதை மறக்கமாட்டேன்.

மானியம் உனக்குக் கிடைத்தது. கல்லூரியில் உனக்கு மாலை போட்டார்கள். நானும் கை தட்டினேன். பிறகு ஒருநாள், கோடை விடுமுறைக்கு முன்னால், ஒன்றும் நடக்காதது போல என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"வாங்க, உட்காருங்க" என்றேன்.

'வாடா' என்று கூப்பிடுகிறவன் 'வாங்க' என்றதும் உன் முகம் விழுந்ததே, அதை இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன்.

"என்னடா இது புதுசா? உன் பேரைப் போட்டா கமிட்டியில வாத்தியார் பட்டாளமான்னு கேப்பான்னுதான்... விடு. நீ கூட வந்தா மலைக்காராள்லாம் நம்பிக் குடுப்பா. வரயா?"

"எனக்கு வேலை இருக்குங்க. கோடைதான் நல்ல காலம். மலையில குளிர்ச்சியா இருக்கும். போயிட்டு வாங்க."

மலையில் கோடைக்கு மிஞ்சி நிற்பது விதைத் தானியம் மட்டும்தான். அதைப் பானையில் போட்டு, வாயைச் சாணம் பூசி மூடிவைத்திருப்பார்கள். விதைப்பு முடியும்வரை சொந்தத் தம்பி கேட்டாலும் ஒரு பிடி தரமாட்டார்கள். விதைக்கு முன் விதை வெளியே போனால் வீடு விளங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. இது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

போனாய். தானியப் பெயர்களை அழகாக எழுதிக் கொண்டுபோன காகித உறைகள் எல்லாம் காலியாகவே திரும்பி வந்தன. கறுத்து, இளைத்து, பரிசோதனைச் சாலையில் அந்த உறைகளை நீ அடுக்கிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று எனக்கு இரண்டு தரம் சாப்பாடு இறங்கியது. காட்ட ஒன்றும் இல்லாததால் அடுத்த வருஷம் மானியத்தை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு தாழ்வாரத்தில் எதிரே வந்தால் 'வணக்கங்க' என்பேன். நீ தலையைக் குனிந்துகொண்டு போவாய். நீ சாகும்வரை அந்த 'ங்க'வை நான் எடுக்கவே இல்லை. செத்தவனுக்கு என்ன மரியாதை என்றுதான் இப்போது 'நீ' என்கிறேன்.

இன்றைக்கு என் மனுவை அடித்துக்கொண்டு வந்த சாமிநாதன் ஓரிடத்தில் கையை எடுத்தார். முன்னால் நடந்த ஆராய்ச்சிகளைச் சொல்ல வேண்டிய இடம்.

"'இதற்கு முன் எவரும் ஆராய்ந்ததில்லை'ன்னு இருக்கு சார். அவர் மலைக்குப் போயிட்டு வந்தாரே? ஒரு வரி போட்டா நல்லா இருக்குமே. பாவம், மனுஷர் போயிட்டார்."

"வெறுங்கையோட வந்தவரை என்னன்னு போடறது? இருக்கிறபடியே அடிங்க."

அடித்தார். யுத்தத்தால் காகிதம் கிடைப்பதே பாடாக இருக்கிறது. கெட்டியான காகிதமாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தேன், அந்த வரி நன்றாகப் பதிய வேண்டும் என்று.

வெளியே வந்து, குளத்துப் படியில் உட்கார்ந்து, முழுவதையும் ஒரு தடவை வாசித்தேன். மலை அழகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இது எதற்கு வேண்டும், இவன் முடிப்பானா, இரண்டுக்கும் பதில் இருந்தது. எந்த இடத்தில் நீ பென்சிலை வைப்பாய் என்று தேடிப் பார்த்தேன். வைக்க இடமே இல்லை. உன் பெயரை எடுத்துவிட்டேன், உன் கையை எடுக்க முடியவில்லை. இனி எந்த மனு எழுதினாலும் நீ பக்கத்தில் உட்கார்ந்துதான் தொலைப்பாய் போலிருக்கிறது.

இருந்துகொள். உன்னை நான் மன்னிக்கவில்லை. இந்த மனு தேறிவிடும், நீ சொன்னபடி எழுதியது ஆயிற்றே. கார்த்திகை பிறந்ததும் மலை ஏறுகிறேன். பானைகள் திறந்திருக்கும். நீ காலியாகக் கொண்டுவந்த உறைகள் பரிசோதனைச் சாலை அலமாரியில் அப்படியே இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் தானியத்தின் பெயரோடு. அவற்றையே எடுத்துப் போய் நிரப்பிக்கொண்டு வரப்போகிறேன்.