நீ இல்லாத கல்லுக் கடல்

என் நவ்பருக்கு,

உன் கபுறை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். போன கிழமைதான், நீ போன பிறகு முதல் தடவையாகக் கல்லுக் கடலுக்குப் போனேன். சம்மாந்துறையிலிருந்து இரண்டு ஆண்கள் கூட வந்தார்கள். முப்பது வயது தாண்டியவர்கள், நம்மைப் போல ஒருவருக்கொருவர் துணையானவர்கள். "அங்க பயமில்லாம இருக்கலாமா?" என்று கேட்டார்கள். முன்பென்றால் உன்னிடம்தானே கேட்பார்கள்?

நீ சொல்வதையெல்லாம் சொன்னேன். கோடையில், கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாருங்கள். மாரியில் வேண்டாம், அலை ஆளைத் தூக்கிக் கல்லில் அடிக்கும். பின்னால் வார் உள்ள செருப்புப் போடுங்கள், பாசி பிடித்த கல்லில் கால் வைக்காதீர்கள். பைக்கை வீதியில் விடாமல் அங்குள்ள கெஸ்ட் ஹவுஸ் வளவுக்குள் விடுங்கள். ஊர்ப் பக்கத்துக் கல்முனைக்காரன் எவனாவது கண்டால் பைக்கைப் பார்த்தே உங்கள் வாப்பாவின் பேரைச் சொல்லிவிடுவான். பெரிய கல்லைத் தாண்டும்வரை கை கோக்க வேண்டாம். அதற்கு அப்பால் வெள்ளைக்காரரும் கொழும்புப் பொடியன்மாரும்தான். அங்கே யாரும் யாரையும் படம் எடுப்பதில்லை, ஊர் பேர் கேட்பதுமில்லை. மஃரிபுக்கு முன்பே கிளம்புங்கள், பொழுதுபட்டால் வீதிக்கு யானை வரும்.

"ஆராவது கேட்டா மீன் புடிக்க வந்த எண்டு செல்லவா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாமும் முதல் நாள் அப்படிச் சொல்லித்தானே மாட்டிக்கொண்டோம்? "அப்ப தூண்டில் எங்க?" என்று ஆட்டோக்காரர் கேட்டபோது உன் முகம் போன போக்கு! சிரித்துக்கொண்டே திரும்பி உன்னைத் தேடினேன். நீ இல்லை. அப்படியே கல்லில் உட்கார்ந்து அழுதேன், நவ்பர். வந்தவர்கள் பாவம், தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

நம் பக்கத்தில் ஆணுக்கு வீடு ஏது? வீடெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு. ஆண் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போக வேண்டும். கலியாணம் முடிக்காத நீ உன் கூடப்பிறந்த ராத்தா வீட்டு முன்னறையில் இருந்தாய், நான் தங்கச்சி வீட்டில் இருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார அந்தக் கல்லை விட்டால் நமக்கு என்ன இருந்தது?

நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ மையித்தாகத்தான் வந்தாய். கபுறுக்குள் இறங்கி உன்னை வாங்கி வைத்தவர் உன் மச்சான், ராத்தாவின் மாப்பிள்ளை. எல்லாரும் அவரைத்தான் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நான் ஊராரோடு நின்று மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினேன். உனக்கு நான் யார் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்?

நேற்று உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதினார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போது ராத்தா என்னைக் குசினிக் கதவடிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, அவன் கல்லுக் கடலுக்குப் போறவன்தானே. அங்க தனியவா போவான்?"

சொல்வதற்குப் பொய் எத்தனையோ இருந்தது. ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை.

"இல்ல ராத்தா. நான் இருந்தன்."

அவர் தலையில் கிடந்த சீலையை இழுத்துக் கண்ணைத் துடைத்தார். நான் செருப்பைத் தேடினேன், ஓடிவிடலாம் என்று.

"எங்க போறீங்க? நில்லுங்க. மையித்து வீட்டுல எல்லாரும் அழுத. நீங்க மட்டும் அழுகைய அடக்கிக்கிட்டு நிண்ட. அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு. ஆரும் உங்களுக்கு ஆறுதல் செல்லல்ல. ஸபுர் செய்ங்க, மனசத் தேத்திக்கங்க, தம்பி. அவன் உங்களையும்தான் உட்டுட்டுப் போயிட்டான்."

நவ்பர், மாரி தொடங்கும் முன் ராத்தாவை அந்தக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன். முழங்கால் வருத்தத்தோடு அவரால் கல்லில் இறங்க முடியாது. கரையில் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் துணை,
ராத்தாவுக்கு இன்னொரு தம்பி