சாய்வாக வெட்டிய வெண்டைக்காய்

இன்று காலை குழம்புக்கு வெண்டைக்காய் நறுக்கினேன். கழித்துப் போட்ட காம்புத் துண்டு ஒன்று, மளிகை கட்டி வந்த காகிதத்தில் விழுந்து ஈரமாக ஒரு பூவைப் பதித்துவிட்டது. அடுப்பில் புளித்தண்ணீர் வற்றுவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால், "இன்னாம்மே, கொழம்ப வச்சிட்டு தூங்கிகினு கீறியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்திருக்கும். அங்கே இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நல்லவர்கள்தான். ஆனால் சுவரைத் தட்டிக் கூப்பிட மாட்டார்கள்.

யுத்தம் வந்து, கடையில் பொங்கல் வாழ்த்து அட்டை கிடைக்காமல் போன வருஷம்தான் நீ வெண்டைக்காய் அச்சில் அட்டை செய்யும் இந்த வேலையை ஆரம்பித்தாய். அம்பத்தூரில் உன் கைக்குத் தப்பிய காகிதம் கிடையாது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், பழைய காலண்டர் தாள், புதுப்புடவை மடிப்புக்குள் வரும் அட்டை என்று எதையும் விடமாட்டாய். மார்கழி மத்தியானங்களில் துணிக்குப் போடும் நீலத்தையும் குங்குமத்தையும் கோந்துத் தண்ணீரில் தனித்தனியாகக் குழைத்துத் தட்டில் வைப்போம். பிஞ்சு வெண்டைக்காய் அழுத்தினால் நசுங்கிவிடும், முற்றல்தான் அச்சுக்கு நிற்கும். முற்றலாகக் கேட்டு வாங்குகிற உன்னைக் காய்க்காரி பைத்தியம் என்றே முடிவு கட்டியிருந்தாள்.

நான் காயை நேராக வெட்டுவேன். என் பூ வட்டமாக, அடக்க ஒடுக்கமாக வரும். உனக்கு முதல் தடவை கத்தி நழுவிச் சாய்வாக வெட்டுப்பட்டது. பூ ஒரு பக்கம் நீண்டு, காற்றில் சாய்ந்த மாதிரி விழுந்தது. திருத்தச் சொன்னேன். "நேரா நிக்கறதுக்கு அது இன்னா போலீஸா?" என்றாய். அதற்குப் பிறகு வேண்டுமென்றே சாய்த்துத்தான் வெட்டினாய். பூந்தமல்லியில் தனியாக இருக்கும் உன் அம்மாவுக்கு வருஷா வருஷம் அந்தப் பூவோடுதான் அட்டை போகும். அவருக்கு எழுத்துத் தெரியாது. பூவைப் பார்த்தே நீ அனுப்பியது என்று தெரிந்துகொள்வார்.

என் வீட்டுக்காரர் இறந்த வருஷம் எனக்குப் பொங்கல் இல்லை. துக்க வீட்டுக்கு யாரும் வாழ்த்து அனுப்புவதும் இல்லை. வழக்கம் அது, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் தபால்காரர் தெருவில் ஒவ்வொரு வாசலாக நின்றுவிட்டு என் வாசலை மட்டும் தாண்டிப் போனபோது, செத்தது அவரா நானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மறுநாள் தபால்காரர் என் வாசலில் நின்றார். ஓர் அட்டை. பானை இல்லை, கரும்பு இல்லை, ஒரு வார்த்தை வாழ்த்து இல்லை. நீல நிறத்தில் உன் சாய்ந்த பூ ஒன்று. திருப்பினால் ராஜா தலை ஸ்டாம்பு ஒட்டி, பக்கத்தில் என் பெயர். ஒரு சுவர் தள்ளி இருந்தவள், தபால் ஆபீஸ் வரை நடந்து போய்ப் போட்டிருக்கிறாய். நான் சுவரைத் தட்டினேன். "பொங்கல்னு எழுதினாத்தான தப்பு? பூவுதான கீது" என்றாய்.

உனக்கு எந்தச் சட்டத்திலும் ஒரு சந்து தெரியும். அடுத்த மார்கழியில் குங்குமத் தட்டை என் பக்கம் நகர்த்தினாய். நான் கையை இழுத்துக்கொண்டேன். "நெத்தியிலதான வைக்கக் கூடாது. காயிதத்துல வைக்கலாம், வைம்மே" என்றாய். வைத்தேன். விரலில் ஒட்டிய சிவப்பை அன்று பொழுது சாயும்வரை கழுவவில்லை.

ஆடியில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. உன் வீட்டுக்காரர் வேலையை மாற்றிக்கொண்டு அரக்கோணம் போய்விட்டார். இந்த மார்கழியில் தட்டுக்கு முன்னால் நான் மட்டும் உட்கார்ந்தேன். உன் அம்மா வீடு இப்போது துக்க வீடு. தபால்காரர் அந்த வாசலையும் தாண்டிப் போவார். அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் எந்தப் பூவை அனுப்புவது? சாய்த்து வெட்டி ஒன்று பதித்துப் பார்த்தேன். அச்சாக நீதான். மகளே அனுப்பிவிட்டாள் என்று ஓர் எண்ணம் அவருக்கு வந்து, பிறகு இல்லை என்று தெளிந்தால் பெற்ற வயிறு என்ன ஆகும்? பயந்துபோய் அதைக் கிழித்தேன். நேராக வெட்டி என் பூவை அனுப்பினேன். அனுப்பிய பிறகும் மனசு ஆறவில்லை.

நேற்று, பூந்தமல்லியிலிருந்து பூ விற்க வருகிற அம்மாள் என் வாசலில் கூடையை இறக்கினாள். நான் பூ வாங்குகிறவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"அட்டை போட்டது நீதானாமே? அந்தம்மா சொல்லி அனுப்பிச்சிது, பக்கத்து ஊட்டுக்காரிய வுட்டா வேற யாரு போடுவான்னு. பூவு நேரா கீதாம். எம் பொண்ணு பூவு சாஞ்சி நிக்கும், அடுத்த தபா அப்டியே போடச் சொல்லுன்னுது."

"அழுதாங்களா?"

"அழுவாம? அழுதுட்டு, அப்பால வெளக்கு மாடத்துல வச்சிக்கினுது."

அவள் போனதும் உன் சுவரைத் தட்டினேன், பழக்க தோஷம். புதுசாகக் குடிவந்தவள் வெளியே வந்து, "இன்னா வேணும்கா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த பொங்கலுக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது. ஆனால் கத்தியைப் பிடித்த கை இன்றைக்கே பழக ஆரம்பித்துவிட்டது. குழம்பில் கிடக்கிற காய் எல்லாம் சாய்வாகத்தான் இருக்கிறது. சாப்பிட நான் ஒருத்திதான்.